ஐயமும் திரிபும்: கணினி விளையாட்டு வெளியீடுகளை எதிர்நோக்கும் மனநிலை பற்றிய ஒரு நோக்கு

தோற்றுவாய்

கலைப்படைப்பு எதுவாயினும் அது மக்கள் கைக்கு வந்து சேருமுன்னரே அதனைப் பற்றிய எதிர்பார்ப்பு எழுதல் இயல்பு. நாடகம், திரைப்படம், நாவல் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எனினும் கணினி விளையாட்டைப் பொறுத்தவரையில் இவ்வெதிர்பார்ப்பு தனக்கெனச் சில இயல்புகளைக் கொண்டுள்ளது. அது பல ஆண்டுகள் நீடிக்கின்றது. பொருள் உருவாகி முடியுமுன்னரே அதற்கான விலையைக் கேட்கின்றது. அனைத்துக்கும் மேலாக, தன்னோடு கூடப் பிறந்த ஓர் ஐயத்தையும் உடன்கொண்டு நடக்கின்றது.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டாக 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' வரிசையின் ஆறாம் விளையாட்டைக் குறிப்பிடலாம். ஐந்தாம் விளையாட்டு 2013 செப்டெம்பர் 17 இல் வெளியாகி, 20 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. ஆறாவதன் முதல் முன்னோட்டம் 2023 டிசெம்பரில் வெளிவந்தபோது ஒரு நாளுக்குள் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு என முதலிற் கூறப்பட்ட வெளியீட்டுக் காலம் 2026 மே 26 என்றும், பின்னர் 2025 நவம்பரில் வந்த அறிவிப்பால் 2026 நவம்பர் 19 என்றும் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வோர் அறிவிப்பின்போதும் ஆர்வலரிடையே இரு குரல்கள் ஒருங்கே எழுந்தன. "காத்திருப்பது வீண்போகாது" என்பது ஒன்று. "வந்தாலும் சொன்னபடி இராது" என்பது மற்றொன்று.

இவ்விரு குரல்களும் மேலை நாட்டு நகரங்களுக்கு மட்டும் உரியன அல்ல. வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில், பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பைமடுவைக் கடந்து சென்றால் வருவது பூவரசங்குளம். குளமும் வயலும் சார்ந்த இத்தகைய ஊர்களின் இளைஞரும் உலகம் காணும் அதே முன்னோட்டத்தை அதே நாளில் தம் கைத்தொலைபேசியிற் காணக்கூடியவர்களே. ஆயின் காண்பதற்கும் கைக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரம் அவர்களுக்கு வேறு. அத்தூரத்தைக் கருத்திற் கொண்டு, எதிர்பார்ப்பு எவ்வாறு உருவாக்கப்படுகின்றது, ஐயம் எவ்வாறு தோன்றிற்று, அவ்வையத்தின் பயன் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயம், திரிபு என்னும் வேறுபாடு

'ஐயந்திரிபற' என்னும் தொடரை நாம் அன்றாடம் கையாளுகின்றோம். எனினும் ஐயமும் திரிபும் ஒன்றல்ல என்பதை நம் முன்னோர் தெளிவாகவே வகுத்துள்ளனர். மணிமேகலையின் இருபத்தேழாங் காதையில் அளவைவாதி தன் கொள்கையை எடுத்துரைக்குமிடத்து, பிழைபட்ட அறிவின் வகைகளுள் இவ்விரண்டும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. தொலைவில் நிற்பது தறியோ மனிதனோ எனத் துணியாது நிற்றல் ஐயம். கிடக்கும் இப்பியை வெள்ளி எனவே கொண்டுவிடுதல் திரிபு. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் இவ்வேறுபாடு பேணப்பட்டுள்ளது.

இரண்டும் குறைபாடுடையனவாயினும் அவற்றின் விளைவு ஒன்றல்ல. ஐயுற்றவன் அருகே சென்று நோக்குவான், நோக்கித் தெளிவான். திரிபுற்றவனோ தான் தெளிந்துவிட்டதாகவே எண்ணுதலின் அருகே சென்று நோக்க வேண்டிய தேவையை உணரான். அகப்பொருள் இலக்கணமும் இதற்கு இயைபுடையது. தலைவியை முதன்முதலிற் கண்ட தலைவன், இவள் தெய்வமகளோ மானிட மகளோ என ஐயுற்று, அதன் பின்னரே துணிவு பெறுகின்றான். காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என நம்பியகப்பொருள் நிரல்படுத்துவது காதலில்கூட ஐயத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதைக் காட்டுகின்றது. அங்கு ஐயம் அன்பின் பகையன்று. அன்பு தெளிவை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு படி.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், விளையாட்டு வெளியீட்டுக்கு முந்திய காலத்தில் ஆர்வலரிடம் காணப்படும் மனநிலைகளை வகைப்படுத்துதல் எளிதாகின்றது. முன்னோட்டத்தைக் கண்டவுடன் அதனையே விளையாட்டு எனக் கொள்ளுதல் இப்பியை வெள்ளியெனக் கொள்ளும் திரிபாகும். "இது விளையாட்டா, விளையாட்டைப் பற்றிய விளம்பரமா?" என வினவுதல் ஐயமாகும்.

எதிர்பார்ப்பு உருவாக்கப்படும் முறை

பெருநிறுவனம் ஒன்று விளையாட்டொன்றை உருவாக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை செலவிடுதல் இன்று அரிதன்று. இக்காலம் முழுவதும் வருவாயின்றிச் செலவு மட்டுமே நிகழ்தலின், பொருள் வருமுன் அதன் புகழை வரச்செய்தல் நிறுவனத்துக்கு இன்றியமையாததாகின்றது. இது பொதுவாகச் சில படிகளில் நடைபெறுகின்றது.

முதலில் வருவது அறிவிப்பு. இதன்போது பெரும்பாலும் பெயரும் ஒரு சிறு காட்சித் துண்டுமே தரப்படும். அடுத்து வருவது முன்னோட்டம். இதிற் காணப்படுவன விளையாட்டின் இயங்குமுறையிலிருந்து எடுக்கப்பட்டனவாக இருக்கலாம். அல்லது திரைப்படம்போலத் தனியே தீட்டப்பட்டனவாக இருக்கலாம். மூன்றாவது, விளையாடிக் காட்டுதல். இதுவும் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்த பொறியில் இயக்கிக் காட்டுவதே. நான்காவது முன்கொள்வனவு, வெளியீட்டுக்கு முன்னரே விலையைப் பெற்றுக்கொண்டு, அதற்கீடாக ஆடையணி, படைக்கலம் முதலிய சில அலங்காரங்களை விளையாட்டினுள் வழங்குதல். ஐந்தாவது, மதிப்புரையாளருக்கு முற்பிரதி வழங்கி, இன்ன நாள் இன்ன நேரம் வரை எழுதலாகாது எனக் கட்டுப்பாடு விதித்தல்.

இப்படிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் தெரிவு முழுவதும் விற்பவர் கையில் உள்ளது. துணியை விரித்துப் பார்த்து வாங்கலாம். நெல்லைக் கையில் அள்ளிக் கடித்துப் பார்த்து வாங்கலாம். முன்கொள்வனவு செய்பவருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. எனவே ஐயம் என்பது அவருக்குக் கிடைக்காத அவ்வாய்ப்புக்கு ஈடாக எழுந்ததொன்று எனல் பொருந்தும்.

ஐயம் தோன்றிய வரலாறு

ஆர்வலரின் ஐயம் வெறுங் குணக்கேடன்று. அது பட்டறிவின் வழி வந்தது. 1982 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், அவ்வாண்டு பெருவெற்றி பெற்ற 'ஈ.டி.' திரைப்படத்தின் பெயரில் விளையாட்டொன்றை நத்தார்ப் பண்டிகைக்கு முன் வெளியிட விரும்பிற்று. அதனை ஆக்குவதற்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. படத்தின் பெயரை நம்பி வாங்கியோர் ஏமாற்றமுற்றனர். விற்பனையாகாத பிரதிகள் 1983 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமொகோர்டோ நகர்க் குப்பைநிலத்திற் புதைக்கப்பட்டன. நெடுங்காலம் கட்டுக்கதை எனப் பலர் கருதிவந்த இச்செய்தி, 2014 ஏப்ரலில் அந்நிலம் தோண்டப்பட்டபோது மெய்யென உறுதியாயிற்று. தாமதமின்றி வெளியிடுதலே சிறப்பு என எண்ணுவோர்க்கு இது தக்கதொரு பாடமாகும். மறுபுறம், தாமதம் தானாகவே சிறப்பைத் தருவதுமில்லை. 1997 இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் போரெவர்' 2011 யூனிலேயே வெளிவந்தது. பதினான்கு ஆண்டுக் காத்திருப்புக்கு ஈடான எதுவும் அதில் இல்லை என்பதே மதிப்புரையாளர் பலரின் முடிவாயிற்று.

இங்கிலாந்தின் கில்ட்பேர்ட் நகரில் ஒரு சிறு குழுவாக இயங்கிய ஹலோ கேம்ஸ் நிறுவனம் 2013 டிசெம்பரில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விளையாட்டை அறிவித்தது. கணித விதிகளைக் கொண்டு கோள்களைத் தோற்றுவிக்கும் முறையினால், இரண்டின் அறுபத்துநான்காம் அடுக்கு எண்ணிக்கையான கோள்கள் அதில் உண்டு எனக் கூறப்பட்டது. இக்கூற்றுப் பொய்யன்று. ஆயின் எண்ணிக்கையைக் கேட்ட ஆர்வலர் அதனைப் பன்மை எனப் பொருள்கொண்டனர். 2016 ஓகஸ்டில் விளையாட்டு வெளியானபோது கோள்கள் எண்ணற்றனவாகவும் அனுபவம் ஒருதன்மைத்தாகவும் இருக்கக் கண்டனர். வெளியான முதல் நாட்களிலேயே இரு ஆட்டக்காரர் ஒரே கோளின் ஒரே இடத்தை அடைந்தும் ஒருவரை ஒருவர் காண இயலவில்லை. விளம்பரம் பற்றிய முறைப்பாடுகளை ஆராய்ந்த பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை, 2016 நவம்பரில், விதிமீறல் இல்லை எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின்படி பொய் கூறப்படாதபோதும் ஆர்வலர் ஏமாற்றமடைய இயலும் என்பதை இது புலப்படுத்துகின்றது. திரிபு என்பது சொல்வோர் சொல்லிலும் கேட்போர் வேட்கையிலும் ஒருங்கே விளைவது.

போலந்தின் சீ.டி. புரொஜெக்ட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' இதனினும் விரிவாக நோக்கற்பாலது. 2012 இல் அறிவிக்கப்பட்ட இவ்விளையாட்டுக்கு 2020 ஏப்ரல் 16 என நாள் குறிக்கப்பட்டது. அது செப்டெம்பர் 17 ஆகி, நவம்பர் 19 ஆகி, முடிவில் டிசெம்பர் 10 ஆயிற்று. ஒக்டோபரில் 'தங்கநிலை' எய்திவிட்டது, அதாவது வட்டுகள் அச்சிடுதற்கான மூலப்படி ஆயத்தமாகிவிட்டது, என அறிவித்த பின்னருங்கூட நாள் மாற்றப்பட்டமை ஐயத்துக்கு வலுவூட்டியது. மதிப்புரையாளருக்கு முன்கூட்டி வழங்கப்பட்டது கணினிக்கான பிரதி மட்டுமே. தாம் பதிவுசெய்த காட்சிகளை வெளியீட்டுக்கு முன் காட்டவும் அவர்கள் அனுமதிக்கப்படவில்லை. இவ்வாறாக, பழைய விளையாட்டுப் பொறிகளில் இது எவ்வாறு இயங்கும் என்னும் வினாவுக்கு விடை கிடைக்குமுன்னரே முன்கொள்வனவு 80 இலட்சம் பிரதிகளைக் கடந்துவிட்டது. வெளியான பின், அப்பழைய பொறிகளில் அது அடிக்கடி நின்றுபோதலும் உருக்குலைதலும் கண்ட சொனி நிறுவனம் ஒரு வாரம் கழிந்ததும் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கிப் பணத்தை மீளளிக்க முன்வந்தது. 2021 யூனிலேயே அது மீண்டும் அங்கு இடம்பெற்றது.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது யாதெனில், சிறந்த பொறி வைத்திருந்தோர் ஓரளவு நல்ல விளையாட்டைப் பெற்றனர். பழைய பொறி வைத்திருந்தோரே இன்னலுற்றனர். அதாவது ஒரே திரிபுக்கு வசதி குறைந்தவர் கூடிய விலை செலுத்தினார்.

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 செப்டெம்பர் 2 இல் இந்திய அரசு 'பப்ஜி மொபைல்' உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. இரண்டு நாள் கழித்து, பெங்களூரின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் 'ஃபௌ-ஜி' என்னும் விளையாட்டை அறிவித்தது. நடிகர் அக்‌ஷய் குமார் அதனை மக்களிடம் எடுத்துச் சென்றார். நவம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியபோது ஒரு நாளில் பத்து இலட்சம் பேர் பதிந்தனர். 2021 ஜனவரி 26, குடியரசு நாளன்று அது வெளியாயிற்று. பெயரின் ஒலியொப்புமையால் பப்ஜி போன்ற, பலர் ஒரு களத்தில் மோதும் ஆட்டத்தை எதிர்பார்த்தோர், தனியொருவர் கைகலப்பாகச் செல்லும் கதையாட்டத்தையே கண்டனர். மதிப்பீடு விரைவில் இறங்கிற்று. நாட்டுப்பற்று ஓர் உயர்ந்த உணர்வு. எனினும் அது ஒரு விளையாட்டின் இயங்குமுறையைப் பற்றி எதனையும் அறிவிப்பதில்லை. எதிர்பார்ப்பின் மூலம் எதுவோ அதனைப் பொருளின் தரத்தினின்று பிரித்தறிதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

பூவரசங்குளத்திலிருந்து நோக்குமிடத்து

மேற்கூறிய நிகழ்வுகளை நம் மண்ணில் நின்று நோக்கின் சில உண்மைகள் புலனாகும். 1990 களில் வன்னியின் பெரும்பகுதி மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது; உலர் மின்கலங்கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்தது. அக்காலத்திற் சிறுவராயிருந்தோரின் பிள்ளைகளே இன்று கைத்தொலைபேசியில் விளையாடுகின்றனர். ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த இம்மாற்றம் பெரிது. எனினும் வாங்கும் வலு அதே வேகத்தில் வளரவில்லை.

பெருநிறுவன விளையாட்டுகள் பலவற்றின் அமெரிக்க விலை இன்று 70 டொலர். டொலருக்கு 300 ரூபா எனக் கொள்ளின் இது 21,000 ரூபாவாகும். 2025 ஏப்ரலில் இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது என்பதோடு இதனை ஒப்பிடுக. நாணய மதிப்பின் வீழ்ச்சியும் கருதத்தக்கது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டிற்று. விளையாட்டின் விலை மாறாதிருப்பினும் காத்திருந்தவருக்கு அது ஏறிக்கொண்டே சென்றது. இதற்கு மேலாக, 'சைபர்பங்க் 2077' கணினியில் 70 கிகாபைட் இடத்தை வேண்டி நின்றது. மாதாந்தத் தரவுப் பொதியை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில், விளையாட்டைத் தரவிறக்குவதும் விலையின் ஒரு பகுதியே.

இந்நிலையில் முன்கொள்வனவு என்பதன் பொருளை விளக்க, இவ்வூரின் வேளாண்மையிலிருந்தே ஓர் உவமை காட்டலாம். பெரும்போக மழைக்கு முன், வறண்ட நிலத்தை உழுது நெல்லை விதைத்துவிட்டு வானத்தை எதிர்நோக்குதல் புழுதி விதைப்பு எனப்படும். மழை தவறினால் விதைநெல் பாழ்; சிறு தூறலில் முளைத்துப் பின் காய்ந்தால் மீண்டும் விதைக்க வேண்டும். எனினும் கமக்காரன் அவ்விடரை ஏற்பதற்குக் காரணம் உண்டு. முதல் மழை வீணாகாது, குளத்து நீர் மிஞ்சும், அறுவடை முந்தும். இடருக்கு ஈடாக ஊதியம் இருக்கின்றது.

முன்கொள்வனவும் ஒருவகைப் புழுதி விதைப்பே. வராத மழையை நம்பி இட்ட விதையே. ஆயின் அதில் இடர் உண்டு, ஈடு இல்லை. வட்டுகளாக மட்டும் விற்கப்பட்ட காலத்தில், முந்தாதவருக்குப் பிரதி கிடையாமற் போகலாம் என்னும் அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. இணையவழித் தரவிறக்கப்படும் பிரதி தீர்ந்துபோவதில்லை. காலஞ் செல்ல அதன் விலை பெரும்பாலும் குறைகின்றது, பிழைகள் திருத்தப்படுகின்றன. பொறுத்திருப்பவர் குறைந்த விலைக்குச் சிறந்த பொருளைப் பெறுகின்றார். இதனால் முன்கொள்வனவு செய்பவர், உருவாக்குநர் சுமக்க வேண்டிய இடரைத் தாம் வாங்கிச் சுமக்கின்றார் என்பது பெறப்படும். ஐயம் என்பது அவ்விடரை அதற்குரியவரிடமே திருப்பி ஒப்படைக்கும் செயலாகும். இருபத்தோராயிரம் ரூபாவை இழந்தால் மீட்டெடுக்க இயலாத ஒருவருக்கு இவ்வையம் ஓர் உரிமை மட்டுமன்று, ஒரு காவலுமாகும்.

'இலவசம்' எனக் கூறப்படும் கைத்தொலைபேசி விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். அங்கு விலை முன்வாயிலிற் கேட்கப்படுவதில்லை. உள்ளே சென்றபின் ஆடையாகவும் அணியாகவும் சிறுசிறு தொகைகளாகக் கேட்கப்படுகின்றது. எனவே ஐயுற வேண்டிய இடம் மாறுகின்றதேயன்றித் தேவை மாறவில்லை.

ஐயத்தின் எல்லை

ஐயத்தைப் போற்றுமிடத்து அதன் எல்லையையும் கூறல் வேண்டும். எதனையும் நம்பேன் என முன்கூட்டியே முடிவுசெய்தல் ஐயமன்று, அதுவும் திரிபே. அவன் வெள்ளியை இப்பி எனக் கொண்டவன். கனடாவின் ரொறன்ரோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' குழு 2023 யூலை 31 இல் வெளியிட்ட 'வெண்பா' இங்கு நினைக்கத்தக்கது. 1980 களில் தமிழகத்திலிருந்து கனடாவிற் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையை, சிதைந்துபோன ஒரு சமையற் குறிப்பேட்டை மீட்டெடுத்து இட்டலியும் புட்டும் ஆக்கும் செயல்கள் வாயிலாக அது கூறுகின்றது. ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்துவிடும் சிறு விளையாட்டு. பேருலகையோ எண்ணற்ற கோள்களையோ அது வாக்களிக்கவில்லை. தமிழ்ச் சமையலறை ஒன்றை யார் விளையாடுவர் என வினவியோருக்கு, 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வென்று அது விடை பகர்ந்தது. சிறிதளவே கூறி, கூறியதைச் செய்து முடித்தமையே அதன் சிறப்பு.

சான்று மாறுமிடத்து ஐயமும் மாற வேண்டும். 'நோ மேன்ஸ் ஸ்கை' உருவாக்குநர் விலை கேளாது தொடர்ந்து திருத்தங்களை வழங்கினர். 2018 யூலையில் பலர் ஒருங்கே ஆடும் வசதி நிறைவாக வந்தது. 'சைபர்பங்க்' 2023 செப்டெம்பரிற் பெருந்திருத்தம் பெற்றுப் புதிய மதிப்பைப் பெற்றது. முதல்நாட் குறையையே என்றும் சொல்லிக்கொண்டிருப்பவர் தெளிவை மறுப்பவராவர். அவ்வாறே, எதிர்பார்ப்பு முறிந்த சினம் மனிதரைத் தாக்குதலும் தகாது. 2016 மே மாதத்தில் 'நோ மேன்ஸ் ஸ்கை' சில வாரம் தாமதமாகும் எனச் செய்தி வெளியிட்ட ஊடகவியலாளருக்கும், அதனை உறுதிசெய்த உருவாக்குநருக்கும் கொலை மிரட்டல்கள் விடுக்கப்பட்டன. ஐயம் வினாவாக இருக்கும்வரையே அறிவின் பாற்படும்.

முடிவுரை

விளையாட்டு வெளியீட்டுக்கு முந்திய எதிர்பார்ப்பும் ஐயமும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகள் அல்ல. விருப்பமற்றவன் ஐயுறுவதுமில்லை, ஐயுறாதவனின் விருப்பம் திரிபில் முடிகின்றது. ஆராயாது தெளிதலும் தெளிந்தபின் ஐயுறலும் ஒருங்கே துன்பந் தரும் என வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்திற் கூறியமை, ஆள்வினைக்கு உரியாரைத் தெரிவுசெய்வது பற்றியதாயினும் இங்கும் வழிகாட்டும். காட்டப்பட்டது விளையாட்டின் எப்பகுதி, எப்பொறியில் இயக்கிக் காட்டப்பட்டது, என்னிடமுள்ள பொறியில் அதனை ஆடிப் பார்த்தவர் யார், பணம் மீளப்பெற வழியுண்டா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கிடைக்கும் வரை பணத்தைக் கையில் வைத்திருத்தல் எவருக்கும் இழப்பன்று.

பெருநகரச் செல்வருக்கு ஏமாற்றம் ஒரு மாலைப்பொழுதின் எரிச்சல். பூவரசங்குளத்தின் இளைஞருக்கோ அது ஒரு மாத உழைப்பின் பெரும்பகுதி. முன்னோட்டத்தைக் கண்டு மகிழ்வதற்கு அவருக்குத் தடையில்லை. அம்மகிழ்ச்சிக்கு விலையும் இல்லை. விலை கேட்கப்படும் இடத்தில் மட்டும், மழையின் ஈரம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கிற்று எனக் கிளறிப் பார்த்த பின்னரே விதைப்பெட்டியைத் திறக்கும் கமக்காரனின் நிதானம் அவருக்கு வேண்டும்.